வாசகர் கேள்வி பதில்: நைட்ரேட் அட்டையின் நிறத்தை எப்போது நம்பலாம்?

இம்மாதம் வந்த கடிதங்களில் மூன்று, கடல்மீன் தொட்டியில் நைட்ரேட் சோதனை செய்து பார்த்துக் குழம்பிப்போனவர்களிடமிருந்து வந்தவை. மூவரும் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையிலும் அதை ஒட்டிய தோட்டங்களிலும் வசிப்பவர்கள். ஊரின் பெயர் 2007-ஆம் ஆண்டிலேயே பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது. ஆயினும் மூன்று கடிதங்களின் தலைப்பிலும் பழைய பெயரே இருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். சுற்றிலும் செம்பனையே நிற்கும் ஒரு பட்டணத்தில் கடல்மீன் வளர்ப்போர் இத்தனை அக்கறையோடு நீரைச் சோதித்து, ஐயம் வந்தால் எழுதியும் கேட்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. மூன்று ஐயங்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதால், பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியுள்ளேன். சோதனை என்பது இதுதான்: குழாயில் எடுத்த நீரில் பெட்டியிலுள்ள மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வரும் நிறத்தைப் பெட்டியோடு வந்த அட்டையின் நிறங்களோடு ஒப்பிட்டு நைட்ரேட் எவ்வளவு என்று அறிவது. நைட்ரேட் இல்லாவிட்டால் குழாய் மஞ்சளாக நிற்கும், கூடக்கூடச் சிவக்கும்.

கேள்வி: ஐயா, இரண்டடித் தொட்டி ஒன்றை அமைத்து மூன்று வாரங்கள் ஆகின்றன. இன்னும் மீன் விடவில்லை. கடைக்காரர் சொன்னபடி ஒரு சிறிய இறால் துண்டை மட்டும் போட்டு வைத்தேன். நேற்றுச் சோதித்தபோது நைட்ரைட் அட்டையின் உச்ச நிறத்தையும், நைட்ரேட் 80-க்கு மேலும் காட்டின. மூன்று நாள்களுக்கு முன்பு நைட்ரேட் 10-தான் இருந்தது. ஓர் இறால் துண்டு இவ்வளவு நைட்ரேட்டை உண்டாக்குமா? நீர் முழுவதையும் கொட்டிவிடலாமா?

பதில்: தம்பி, கொட்ட வேண்டாம். நீங்கள் பார்த்த 80-இல் பெரும்பகுதி நைட்ரேட்டே இல்லை. சோதனைப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இது விளங்கிவிடும்.

இறால் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொரு வகை பாக்டீரியாக்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இரண்டாம் வகை நிலைகொள்ளச் சில வாரங்கள் பிடிப்பதால், இடையில் நைட்ரைட் குவிந்து நிற்கும். உங்கள் தொட்டி இப்போது சரியாக அந்தக் கட்டத்தில் இருக்கிறது.

இனிச் சோதனைக்கு வருவோம். நாம் கடையில் வாங்கும் பெட்டிகள் நைட்ரேட்டை நேரடியாகக் காண்பதில்லை. துத்தநாகத் தூள் போன்ற ஒரு பொருளைக் கொண்டு முதலில் நைட்ரேட்டின் ஒரு பகுதியை நைட்ரைட்டாக ஒடுக்குகின்றன. பிறகு அந்த நைட்ரைட் வேறு வேதிப்பொருள்களோடு சேர்ந்து சிவந்த சாயமாக மாறுகிறது. இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையின் வேதியியலராக இருந்த ஜெர்மானியர் பீட்டர் கிரீஸ், நைட்ரைட்டைக் கண்டறிய 1879-ஆம் ஆண்டு வெளியிட்ட வினையின் வழிவந்ததுதான் இது. ஆய்வகங்களில் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆகவே நைட்ரேட் சோதனைக் குழாயில் நாம் காணும் சிவப்பு, உண்மையில் நைட்ரைட்டின் சிவப்பு. நீரில் ஏற்கெனவே நைட்ரைட் இருந்தால் அதையும் இந்தச் சோதனை நைட்ரேட் என்றே எண்ணிக்கொள்ளும்.

அதோடு இது நிற்பதில்லை. தூள் எல்லா நைட்ரேட்டையும் மாற்றிவிடுவதில்லை. ஒரு பகுதியைத்தான் மாற்றுகிறது. அந்தக் குறைவை ஈடுசெய்துதான் அட்டையின் நிறங்கள் தீட்டப்பட்டுள்ளன. நீரில் முன்பே இருக்கும் நைட்ரைட்டோ குறைவின்றி முழுமையாகச் சாயமாகிறது. எனவே சிறிதளவு நைட்ரைட் இருந்தாலும் அட்டையில் அது பன்மடங்கு நைட்ரேட்டாகத் தோன்றும். மூன்றே நாளில் 10 என்பது 80 ஆனதற்கு இதுவே காரணம்.

நைட்ரைட் சோதனை சுழியம் காட்டும் வரை நைட்ரேட் சோதனையைச் செய்யவே வேண்டாம். மருந்தும் வீண், மனமும் கலங்கும். கடல்நீரில் குளோரைடு மிகுதியாக இருப்பதால் அது செவுள் வழியே நைட்ரைட் உள்ளே புகுவதைப் பெரிதும் தடுத்துவிடுகிறது. நன்னீர் மீன்களை வாட்டுமளவுக்கு அது கடல்மீன்களை வாட்டுவதில்லை. ஆயினும் மீன் விடப் பொறுத்திருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் என் முதல் தொட்டியில் இதே சிவப்பைக் கண்டு, மீன்கள் உள்ளே இருக்கும்போதே ஓரிரவில் முக்கால்வாசி நீரை மாற்றினேன். புது நீரின் உப்பையும் வெப்பத்தையும் ஒத்துப்பார்க்கவில்லை. விடிந்தபோது இரண்டு மீன்கள் இறந்து கிடந்தன. அந்தச் சிவப்பு நைட்ரைட்டால் வந்தது என்பதை வெகுநாள் கழித்தே அறிந்தேன். அந்த இரண்டு மீன்களை இன்னமும் மறக்க முடியாததால்தான் இதை இவ்வளவு வற்புறுத்தி எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு நேர்மாறான சிக்கல். எப்போது சோதித்தாலும் நைட்ரேட் சுழியம்தான். சோதனைப் பெட்டியின் இரண்டாம் குப்பியை நன்றாகக் குலுக்கித்தான் சொட்டு விடுகிறேன். வேறொரு பெட்டியாலும் சரிபார்த்துவிட்டேன். ஆனால் பாறையெல்லாம் பச்சை முடிப்பாசி மண்டிக் கிடக்கிறது. நைட்ரேட் இல்லாமல் பாசி எப்படி வளர்கிறது?

பதில்: அம்மா, தங்கள் சோதனை சரி, பாசியும் சரி. சோதனை காட்டுவது நீரில் எஞ்சியிருக்கும் நைட்ரேட்டை மட்டுமே. நாள்தோறும் எவ்வளவு உண்டாகிறது, எவ்வளவு உண்ணப்படுகிறது என்பதை அது சொல்லாது. மாலையில் கூடை காலியாக இருப்பதைப் பார்த்து, இன்று காய்கறி வரவே இல்லை என்று சொல்ல முடியுமா? வந்ததெல்லாம் விற்றுப்போயிருக்கலாம். மீன் உணவிலிருந்து பிறக்கும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் பிறந்த உடனேயே பாசி இழுத்துக்கொள்வதால் தங்கள் குழாய் மஞ்சளாகவே நிற்கிறது. பாசிக்கு வேண்டிய மற்றொரு பொருளான பாஸ்பேட்டைச் சோதித்துப் பாருங்கள். பல வேளைகளில் சிக்கலின் மறுமுனை அங்கே இருக்கும்.

இங்கே எச்சரிக்கை ஒன்று உண்டு. நைட்ரேட் சுழியம் என்றால் தூய்மை என்றெண்ணி, மேலும் மேலும் நைட்ரேட்டை அகற்றும் பொருள்களைத் தொட்டியில் இடுவோர் உண்டு. பவளங்கள் உள்ள தொட்டிக்கு அது நல்லதன்று. பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகளுக்கும் நைட்ரஜன் வேண்டும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே வற்றிய தொட்டிகளில் குமிழ்கள் ஒட்டிய பழுப்புநிறச் சளி போன்ற டைனோபிளஜெல்லேட் என்னும் நுண்ணுயிர் படர்ந்து, முடிப்பாசியைவிடப் பெருந்தொல்லை தரும். 2 முதல் 10 பி.பி.எம். வரை (ஒரு பி.பி.எம். என்பது ஏறத்தாழ லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) நைட்ரேட் இருப்பதைப் பவளம் வளர்ப்போர் பலரும் நல்ல நிலையாகவே கொள்கிறார்கள். ஆகவே வேதிப்பொருள் எதையும் ஊற்றாமல், பாசியைக் கையால் பிடுங்கி வெளியே எறியுங்கள். பாசியோடு சேர்ந்து அது உண்ட நைட்ரேட்டும் தொட்டியைவிட்டுப் போய்விடும். உறைந்த உணவைப் போடுமுன் வடிகட்டி, கரைந்த நீரைக் கொட்டிவிடுங்கள். பாசி மேயும் நத்தைகள் சிலவற்றையும் விடுங்கள்.

கேள்வி: ஐயா, வணக்கம். தோட்டத்தில் முப்பத்தோராண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டதால் மூன்றடித் தொட்டியில், ஏறக்குறைய 150 லிட்டர் நீரில், இரண்டு கோமாளி மீன்களும் சில மென்பவளங்களும் வளர்க்கிறேன். ஓராண்டாக நைட்ரேட் 5-க்கு மேல் காட்டியதே இல்லை. சென்ற மாதம் விடுமுறைக்கு வந்த மகன் அதே பெட்டியால் சோதித்தான். கடுஞ்சிவப்பாக வந்தது, 40 அல்லது 80 இருக்கும் என்றான். மீன் கடையில் காகிதப் பட்டையைத் தோய்த்துப் பார்த்து 20 என்றார்கள். செம்பனை ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்யும் என் தம்பி மகன் நீரை எடுத்துப்போய் 9 என்று எழுதிக் கொடுத்தான். பயந்துபோய்ப் பாதி நீரை மாற்றினேன்; மறுநாளும் 40 தான். குழாய் நீரில் குளோரின் இருப்பதால் வீட்டுக் கிணற்று நீரில்தான் கடலுப்பைக் கலக்கிறேன். இவற்றில் எதை நம்புவது? பேசாமல் கோலா சிலாங்கூருக்குப் போய்க் கடல்நீரையே எடுத்துவந்து ஊற்றிவிடலாமா?

பதில்: ஐயா, தங்கள் கடிதம் கிடைத்ததும், பதிலை அச்சுக்கு அனுப்புமுன் சில சோதனைகளைச் செய்து பார்க்கும்படி தனியே எழுதியிருந்தேன். தாங்கள் பொறுமையோடு எல்லாவற்றையும் செய்து, ஒவ்வொரு குழாயின் நிறத்தையும் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் இந்தப் பதிலை ஊகத்தில்தான் எழுதியிருப்பேன்.

முதலில் ஓராண்டாகக் காட்டிய 5. தங்களிடம் இருப்பது பலரும் வாங்கும் ஏபிஐ என்னும் நிறுவனத்தின் பெட்டி. அதில் 5 மில்லி நீருக்கு முதல் குப்பியிலிருந்து 10 சொட்டு விட்டுக் கலக்க வேண்டும். இரண்டாம் குப்பியைக் குறைந்தது 30 விநாடி வேகமாகக் குலுக்கிய பிறகே அதிலிருந்து 10 சொட்டு விட வேண்டும். பிறகு குழாயை மூடி ஒரு நிமிடம் முழுதும் வேகமாகக் குலுக்கி, 5 நிமிடம் காத்திருந்து நிறம் பார்க்க வேண்டும். தாங்களோ குப்பியை மெல்லக் கவிழ்த்துச் சொட்டு விட்டதாக எழுதியுள்ளீர்கள். நைட்ரேட்டை ஒடுக்கும் பொருள் கரையாமல் அடியில் படிந்துவிடக்கூடியது. குலுக்காவிட்டால் மேலேயுள்ள தெளிந்த நீர்மம்தான் சொட்டும், நைட்ரேட் எவ்வளவு இருந்தாலும் குழாய் மஞ்சளாகவே நிற்கும். தங்கள் மகன் தாளில் அச்சிட்டிருந்தபடி குலுக்கினார், சிவப்பு வந்தது. ஆகவே நைட்ரேட் ஒரே மாதத்தில் ஏறிவிடவில்லை. முன்பே இருந்ததுதான் இப்போது கண்ணில் பட்டிருக்கிறது. மீன்களும் பவளங்களும் அந்த நீரிலேயே ஓராண்டு நலமாக இருந்திருக்கின்றன என்பதையும் மறந்துவிடாதீர்கள். மென்பவளங்களும் கோமாளி மீன்களும் 40 பி.பி.எம். நைட்ரேட்டால் உடனே மடிவதில்லை. குறைக்கத்தான் வேண்டும்; ஆனால் இரவோடு இரவாகக் குறைக்க வேண்டியதில்லை.

இப்படிக் குலுக்காத குப்பியை நெடுநாள் பயன்படுத்தினால் இன்னொரு கேடும் உண்டு. தெளிந்த நீர்மம் மட்டுமே செலவாகி, குப்பியின் அடியில் படிவு மிஞ்சிக் கட்டியாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு குலுக்கினாலும் அந்தக் குப்பி சரியான அளவு காட்டுமா என்ற ஐயம் எழுவது இயல்பு. அதனால்தான் பொட்டாசியம் நைட்ரேட் கொண்டு பெட்டியையே சோதித்துப் பார்க்கும்படி கேட்டிருந்தேன். மண்ணில்லாமல் நீரில் செடி வளர்ப்போருக்கு விற்கும் உரம் அது. 16 கிராமை 1 லிட்டர் ஆர்.ஓ. நீரில் (நுண்சவ்வு வழியே அழுத்தி வடிகட்டிய நீர்) கரைத்து, அந்தக் கரைசலிலிருந்து 2 மில்லியை மருந்து ஊசிக்குழலால் எடுத்து மற்றொரு லிட்டர் ஆர்.ஓ. நீரில் விட்டால், அந்த இரண்டாவது நீரில் நைட்ரேட் ஏறத்தாழ 20 பி.பி.எம். இருக்கும். நம் கையால் நாமே செய்ததால் விடை முன்பே தெரிந்த நீர் அது. தங்கள் பெட்டி அதற்கு 20-இன் நிறத்தையே காட்டியது, வெறும் ஆர்.ஓ. நீருக்கு மஞ்சளாகவே நின்றது. எனவே தங்கள் பெட்டி நம்பத்தக்கது. புதிது வாங்கப் பணம் செலவிட வேண்டாம். ஐயம் வந்தவுடன் இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி என்று வாங்கி அடுக்குவோரைப் பார்த்திருக்கிறேன். விடை தெரிந்த நீர் ஒரு குவளை இல்லாமல் பத்துப் பெட்டிகள் இருந்தாலும் எது மெய் என்று சொல்ல வழியில்லை.

அடுத்து, 40-ஆ 80-ஆ என்ற குழப்பம். அட்டையில் 20, 40, 80, 160 என்று நிறங்கள் தாவிச் செல்கின்றன; கடுஞ்சிவப்புகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை யார் கண்ணும் எளிதில் பிரித்தறியாது. தொட்டியின் நீலவிளக்கின் கீழ் பார்த்தால் அறவே முடியாது. பகல் வெளிச்சத்தில், வெள்ளை அட்டையை ஒட்டிக் குழாயைப் பிடித்துப் பார்க்க வேண்டும். நான் எழுதியபடி தாங்கள் ஒரு பங்கு தொட்டி நீரோடு மூன்று பங்கு ஆர்.ஓ. நீரைக் கலந்து சோதித்தபோது 10-இன் நிறம் வந்தது. நான்கால் பெருக்கினால் 40. சிவப்பின் ஆழத்தில் தடுமாறுவதைவிட, நீரை மெலிதாக்கி ஆரஞ்சு நிறப் பகுதிக்குக் கொண்டுவந்து பார்ப்பது எப்போதும் மேல்.

இப்போது ஆலை ஆய்வகத்தின் 9. தங்கள் தம்பி மகன் தவறாகச் சோதிக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்மீது வருத்தம் வேண்டாம். கழிவுநீரையும் குடிநீரையும் சோதிக்கும் ஆய்வகங்களில் பெரும்பாலும் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடையை மட்டுமே கணக்கிட்டு எழுதுவார்கள். மீன் பெட்டிகள் பலவும் நைட்ரேட் அயனியின் முழு எடையைக் காட்டும். நைட்ரஜனின் அணு எடை 14. அதோடு மூன்று ஆக்சிஜன் சேர்ந்த நைட்ரேட்டின் எடை 62. இரண்டுக்கும் இடையே உள்ள விகிதம் 4.43. ஒன்பதை 4.43-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 39.9. ஆலை சொன்ன 9-ம் மகன் சொன்ன 40-ம் ஒரே நீரின் ஒரே அளவுதான். அவர் கொடுத்த தாளை எனக்கு அனுப்பியிருந்தீர்கள். எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் நைட்ரஜனாக என்று குறித்திருக்கிறார். கடல்மீன் வளர்ப்போர் எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் இடறி விழுகிறார்கள். ஒருவர் 5 என்பார், மற்றவர் 20 என்பார், இருவரும் உண்மையே சொல்லியிருப்பார்கள்.

கடையின் காகிதப் பட்டையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மூடி திறந்திருந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரமே அதைக் கெடுத்துவிடும். தோராயமாகப் பார்க்க உதவும், முடிவெடுக்க உதவாது.

பாதி நீரை மாற்றியும் 40 ஏன் இறங்கவில்லை என்பதுதான் தங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்த வரி. மாற்றிய நீரில் நைட்ரேட் இல்லாவிட்டால் 40 என்பது 20 ஆகியிருக்க வேண்டும். அந்த இறக்கம் அட்டையிலும் தெளிவாகத் தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால் புது நீரே நைட்ரேட்டைச் சுமந்து வந்திருக்க வேண்டும். ஆகவே உப்புக் கலக்காத கிணற்று நீரைச் சோதிக்கச் சொன்னேன். 20-க்கும் 40-க்கும் நடுவே, ஏறத்தாழ 30 என்று எழுதியுள்ளீர்கள். பாதி 40, பாதி 30, கலந்தால் 35. அட்டையில் 35-ஐயும் 40-ஐயும் பிரித்தறிய முடியாது. இந்தக் கிணற்று நீரைக் கொண்டு ஆயிரம் முறை மாற்றினாலும் தங்கள் தொட்டி 30-க்குக் கீழே இறங்காது.

குளோரினுக்கு அஞ்சிக் குழாய் நீரைத் தவிர்த்தீர்கள். அந்த அக்கறை நியாயமானது. ஆனால் குளோரினைச் சோடியம் தயோசல்பேட்டால் நொடியில் நீக்கிவிடலாம், நைட்ரேட்டை அப்படி நீக்க முடியாது. வடிகட்டும் துணியோ, கரியோ, கொதிக்கவைப்பதோ அதை அகற்றாது. ஆர்.ஓ. சவ்வு பெரும்பகுதியைப் பிடிக்கும். அதன் பின்னால் அயனிநீக்கும் பிசினும் இருந்தால் எஞ்சியதும் போய்விடும். கடைத்தெருவில் காசு போட்டுப் பிடிக்கும் தண்ணீர் இயந்திரங்களில் சில ஆர்.ஓ. நீர் தருகின்றன, சில கரியால் வடிகட்டிய நீரை மட்டுமே தருகின்றன. பிடித்த நீரை ஒருமுறை நைட்ரேட் சோதனை செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள். டி.டி.எஸ். அளவியை நீரில் விட்டுப் பார்த்து நிறைவடைய வேண்டாம். நீரில் கரைந்தவற்றின் மொத்த அளவை அது சொல்லும், அதில் நைட்ரேட் எவ்வளவு என்று சொல்லாது.

நைட்ரேட் இல்லாத நீரில் உப்பைக் கலந்து வாரம் ஐந்தில் ஒரு பங்கு மாற்றி வாருங்கள். 40 என்பது முதல் வாரம் 32, பிறகு ஏறத்தாழ 26, 20, 16 என்று இறங்கும். மீன் உணவிலிருந்து நாள்தோறும் புதிதாகச் சேர்வதால் உண்மையில் இதைவிடச் சற்று மெதுவாகவே இறங்கும். அதனால் மனம் தளர வேண்டாம். ஒவ்வொரு முறையும் புது நீரின் உப்பும் வெப்பமும் தொட்டி நீரோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஊற்றுங்கள். வடிகட்டியின் பஞ்சை வாரந்தோறும் அலசுங்கள். அதில் சிக்கி அழுகும் உணவும் நைட்ரேட்டாகத்தான் முடிகிறது.

கோலா சிலாங்கூர்க் கடல்நீர் வேண்டாம், ஐயா. தங்கள் ஊரைக் கடந்து போகும் அதே சிலாங்கூர் ஆறுதான் அங்கே கடலில் கலக்கிறது. அலையாத்தி மரங்களும் சேற்றுத் திட்டுகளும் நிறைந்த அந்த முகத்துவாரம் மின்மினிப் பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் உகந்த இடம். தொட்டிக்கு நீர் எடுக்க உகந்த இடமன்று. ஆற்றுநீர் கலப்பால் உப்பு குறைந்திருக்கும், ஏற்ற வற்றத்துக்கேற்ப மாறிக்கொண்டும் இருக்கும். மழை பெய்த மறுநாள் மேல்நிலத்து உரமும் சேறும் அதில் வந்து சேரும். திறந்த கடலின் மேற்பரப்பு நீரில், பவளப்பாறைகள் உள்ள இடங்களில், நைட்ரேட் மிகமிகக் குறைவாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கடல் முகத்துவாரத்தில் இல்லை.

இனி, தாங்கள் இரண்டாவது கடிதத்தின் கடைசியில், ஏதோ நினைவுக்கு வந்ததுபோல எழுதியிருந்த ஒரு வரிக்கு வருகிறேன். மகள் பிரசவத்துக்கு வந்து தங்கியிருக்கிறார், பேரக்குழந்தைக்கு நான்கு மாதம், புட்டிப்பால் கரைப்பதும் அந்தக் கிணற்று நீரில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு மீன்களைப் பற்றிய என் கவலை இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் உடலில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடக்கூடும். உதடும் விரல்களும் நீலம் பாரிக்கும். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், கிணற்று நீரில் பால் கரைத்துக் கொடுத்த குழந்தைகளுக்கு இப்படி நேர்ந்ததை மருத்துவர் ஹண்டர் காம்லி 1945-ஆம் ஆண்டு பதிவு செய்தார். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்துள்ள வரம்பு, நைட்ரேட்டாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு 50 மில்லிகிராம். தங்கள் கிணறு 30 காட்டுகிறது. வரம்புக்குள்தான் இருக்கிறது, பதற்றம் வேண்டாம். ஆனால் அது நிற அட்டையில் கண்ணால் பார்த்த 30, ஒரே ஒரு நாள் எடுத்த நீர். மண்ணில் இடும் யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் நாளடைவில் நைட்ரேட்டாக மாறுகின்றன. மண் துகள்கள் நைட்ரேட்டைப் பிடித்து வைப்பதில்லை, மழை அதைக் கீழே இறக்கிவிடுகிறது. அதனால் உரம் போட்டு மழை பெய்த பின் இந்த எண் உயரக்கூடும். உரத்தை மட்டும் குற்றம் சொல்லவும் இயலாது: கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி மாட்டுக் கொட்டகையும் கழிவுத் தொட்டியும் இருப்பதாகத் தாங்களே எழுதியுள்ளீர்கள், அவற்றிலிருந்தும் நைட்ரேட் இறங்கும், அவற்றோடு நோய்க்கிருமிகளும் இறங்கும்.

ஆகவே இன்றிலிருந்து குழந்தையின் பாலுக்குக் கிணற்று நீரை நிறுத்திவிட்டு, குழாய் நீரைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்துங்கள். கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் போதும் என்று யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம். கொதிக்கும்போது ஆவியாவது நீர் மட்டுமே, நைட்ரேட் அங்கேயே தங்கி இன்னும் செறிவாகும். குழந்தையின் நிறத்தில் எப்போதாவது நீலம் தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கேட்டு, கிணற்று நீரை ஆய்வகச் சோதனைக்குக் கொடுங்கள். நைட்ரேட்டோடு கிருமிச் சோதனையும் சேர்த்துக் கேளுங்கள். அதே கிணற்றையொட்டி வேறு வீடுகளில் கைக்குழந்தைகள் இருந்தால் அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

ஆய்வக முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், ஐயா. எண்ணை மட்டும் எழுதாமல், அது நைட்ரேட்டாகவா நைட்ரஜனாகவா என்பதையும் தாளில் உள்ளபடியே சேர்த்து எழுதுங்கள்.